கடை கைமாறினால் கணக்குப்பிள்ளை என்ன ஆவார்?

என் வயதில் பி.காம். படித்தவர்களுக்கு எம்.ஆர்.டி.பி. சட்டம் மறந்திருக்காது. 1969-ல் வந்த ஏகபோகத் தடுப்புச் சட்டம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டதோடு சரி. பிறகு நான் வேலை பார்க்கும் வங்கி இன்னொன்றோடு இணைந்தபோதுதான் அது மறுபடி ஞாபகம் வந்தது. இங்கே டில்லியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் ஒரே பேச்சு: சீனியாரிட்டி என்ன ஆகும்? பென்ஷன் என்ன ஆகும்? சரி, எம்.ஆர்.டி.பி. கமிஷனை மூடினார்களே, அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்தேன்.

கதை கொஞ்சம் இழுவை. 2002-ல் புதிய போட்டிச் சட்டம் வந்தது. 2003 அக்டோபரில் போட்டி ஆணையமும் அமைந்தது. ஆனால் ஆணையத்துக்குத் தலைவராக நீதிபதி வேண்டுமா, அதிகாரி போதுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007-ல் சட்டத்தைத் திருத்தி, மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் வைத்தார்கள். முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதம். அதுவரை பழைய கமிஷன்தான் வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, மூடப்போகிறார்கள் என்று தெரிந்தே ஊழியர்கள் ஏழு வருஷம் ஃபைல் பார்த்திருக்கிறார்கள்! மிச்ச வழக்குகளை முடிக்க இரண்டு வருஷம் தருவதாகச் சட்டத்தில் இருந்தது. அதுவும் கிடைக்கவில்லை. 2009 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம், கமிஷன் கலைந்தது.

ஊழியர் ஏற்பாடு 66-ஆம் பிரிவில் இருக்கிறது. தலைவர், உறுப்பினர்களுக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளம் நஷ்ட ஈடு. டெபுடேஷனில் வந்தவர்கள் தாய்த்துறைக்குத் திரும்ப வேண்டும். நிரந்தர ஊழியர்கள் போட்டி ஆணையத்துக்கோ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ போவார்கள். பென்ஷன், கிராஜுவிட்டி உரிமைகள் அப்படியே தொடரும். ஆனால் இடம் மாறியதற்காகத் தனி நஷ்ட ஈடு கேட்க முடியாது.

கவனித்தீர்களா? பழைய கமிஷனின் இடத்துக்கு வந்தது போட்டி ஆணையம். நிரந்தர ஊழியர்கள் அங்கே போகச் சட்டத்தில் வழி இருந்தது. பொருளாதாரம், சட்டம், வணிகம் தெரிந்த நிபுணர்களை ஆணையம் தானே அமர்த்திக்கொள்ளலாம் என்று வேறு பிரிவு இருக்கிறது. புது ரத்தம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. சட்டத்தின் நோக்கமே மாறிவிட்டதே. கம்பெனி பெரிதாக இருப்பது தப்பு என்பது பழைய சிந்தனை. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் தப்பு என்பது புதியது. ஆனால் எந்தக் கம்பெனி எந்த வழியில் நழுவும் என்று முப்பத்தொன்பது வருஷம் பார்த்த அனுபவத்துக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமாவது நிலைத்ததா? 2017 மே மாதம் அதன் வேலையும் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. 2009-ல் அங்கே போய், 2017-லும் பணியில் இருந்தவர் யாராவது உண்டென்றால், எட்டு வருஷத்தில் இரண்டாவது முறையாகப் பெட்டி கட்டியிருப்பார்.

எங்கள் இணைப்பில் சம்பளம் குறையவில்லை, பென்ஷனும் பத்திரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய கிளையில் எந்த வாடிக்கையாளர் சொன்ன தேதியில் கட்டுவார், யார் இழுத்தடிப்பார் என்று என் மண்டைக்குள் இருந்த கணக்கை இதுவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் ஆபீசில் எப்படி?