பந்தலடியும் ஏலச்சரமும்: கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளர்க்குப் பிலாட்டிஸ் எவ்வளவு பொருந்தும்?

காடுகரையில் நாள் முழுக்கப் பாடுபடுகிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று தேனிப் பக்கம் கேட்பார்கள். உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக்கிவிடும் கேள்வி இது. பயிற்சியில் சுமை படிப்படியாக ஏறும். தசை தேறி வர அவகாசமும் கிடைக்கும். கூலிவேலையில் பொழுது சாயும்வரை ஒரே அசைவுதான்.

இரு தொழில்களை எடுத்துக்கொள்வோம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்துப் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கவாத்துக்கும் கொத்து வெட்டவும் பந்தலடியில் நிற்பவர் அண்ணாந்தபடி, கைகளைத் தோளுக்கு மேலே தூக்கியே வைத்திருக்கிறார். ஏலத்தோட்டத்தில் நேர்மாறு. சரம் செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வதால், சரிவில் குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். விடியுமுன் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்பின் நெரிசலும் குலுக்கலும் தனிக் கணக்கு.

ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் (1883–1967) வகுத்த முறை, வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை மூச்சோடு இணைத்து நிதானமாக இயக்குவது. பாய் விரிக்க இடமிருந்தால் போதும். கீழ்முதுகுவலி பற்றிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை வைத்து, பெயரளவுச் சிகிச்சையைவிட இது வலியைக் குறைக்கிறது என்றது. சான்றின் தரம் நடுத்தரமோ அதற்கும் கீழோதான். மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிட்டவில்லை. ஸ்டுடியோ விளம்பரங்கள் இந்தப் பிற்பாதியைச் சொல்வதில்லை.

இம்முறையை அப்படியே இங்கு இறக்குவதை நான் ஏற்கவில்லை. 1945இல் வெளியான பிலாட்டிஸின் நூலிலுள்ள 34 பயிற்சிகளில் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் முதுகை முன்வளைப்பவை. முதலாவது ‘ஹண்ட்ரட்’: மல்லாந்து, தலையையும் கால்களையும் தூக்கி, ஐந்து எண்ணும்வரை மூச்சிழுத்து ஐந்து எண்ணும்வரை விட்டபடி, கைகளை நூறுமுறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஏலத்தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்தவரை மாலையிலும் வளைப்பானேன்? அவருக்குக் குப்புறப் படுத்து எதிரெதிர்க் கைகால்களை மாறிமாறி உயர்த்தும் ‘ஸ்விம்மிங்’கும், முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கும் ‘ஷோல்டர் பிரிட்ஜ்’ஜின் எளிய வடிவமும் முதலில் வரட்டும். பந்தலில் வேலை செய்பவருக்கு ஹண்ட்ரட் பொருந்தும், தலையைத் தரையிலேயே வைத்துச் செய்தால். அவர் கழுத்து ஏற்கெனவே களைத்திருக்கிறது.

பிலாட்டிஸால் உடல் நேராகிறது என்ற கூற்றையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். கூன் நிமிர்வதும் வலி குறைவதும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. கோணத்தை அளப்பதைவிட, குப்புறப் படுத்து, கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, பெஞ்சுக்கு வெளியே மேலுடலைக் கிடையாக எத்தனை விநாடி நிறுத்த முடிகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

கற்றுத்தருவது யார்? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் ஜீப் ஏறிப் போனவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. காய் எடுப்பு மட்டுப்படும் கோடை மாதங்களில், மாலைநேர மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தோடு அரைமணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.