தாய்மொழி தமிழ், எழுத்து கன்னடம்

போன நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க ஒரு பென்ஷன்காரர் எங்கள் ஹெப்பகோடி கிளைக்கு வந்தார். என் கன்னடத்தைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "பன்னெண்டு வருஷமா இங்க இருக்கீங்க, இன்னும் இந்தக் கன்னடமா சார்? மாஸ்திக்கும் தாய்மொழி தமிழ்தான், தெரியுமோ?"

அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். மாஸ்தி என்றால் கோலார் பக்கம் ஒரு ஊர் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தின்போது தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் நான். அன்றிலிருந்து கன்னடம் என்றால் ஒரு எட்டு தள்ளியே நிற்பேன். தவிர, பெரியவர் வந்த அன்றைக்கு மனசே சரியில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டாவது தடவையாக என் பெயர் இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் பெயர் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல், யார் அந்த மாஸ்தி என்று தேடிப் படித்தேன்.

மாஸ்தி வெங்கடேச அய்யங்கார், 1891-ல் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில எம்.ஏ. படித்து, 1914-ல் மைசூர் சிவில் சர்வீஸில் சேர்ந்து, மாவட்ட அதிகாரி வரை உயர்ந்தார். பகலில் கோப்பு, மற்ற நேரத்தில் 'ஸ்ரீநிவாச' என்ற பெயரில் கதை. ஆங்கிலத்தில் எழுதியே பெயர் வாங்கியிருக்கலாம். சுற்றியிருந்த ஜனங்களின் பாஷையில் எழுதினார். இன்று கன்னடச் சிறுகதையின் தந்தை என்கிறார்கள்.

1943-ல் அவரைவிட இளையவர் ஒருவருக்கு மேல் பதவி போனது. மாஸ்தி ராஜினாமா செய்தார். (இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!) அப்போது வயது ஐம்பதுக்கு மேல். அதற்கப்புறம் 1944 முதல் 1965 வரை 'ஜீவன' பத்திரிகையை நடத்தினார். குடகின் கடைசி ராஜாவைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' நாவல் வந்தது 1956-ல். அதற்கு 1983-ம் வருஷத்து ஞானபீட விருது. 1986-ல் காலமானார்.

இவர் ஒருவர்தான் என்றில்லை. 1973-ல் ஞானபீடம் பெற்ற கன்னடக் கவிஞர் பேந்த்ரேயின் தாய்மொழி மராத்தி.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று என்று பழகிய புத்தி. கன்னடம் ஏறினால் தமிழ் இறங்கிவிடும், விருதுநகர்க்காரன் இல்லாமல் போய்விடுவேன் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. மாஸ்தி விஷயத்தில் அது டேலி ஆகவில்லை. 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்பது இங்கே எல்லாரும் சொல்கிற வாசகம். கன்னடத்தின் சொத்தாம். தமிழ் தாய்மொழிக்காரரைத் தங்கள் ஆஸ்தி பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2016 மட்டும்தான் இந்த ஊர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

நான் ராஜினாமா எல்லாம் செய்யப்போவதில்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. மகளின் பழைய இரண்டாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் லைன் மெட்ரோவில் போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். மகள் சிரிக்கிறாள்.

அடுத்த நவம்பரில் பெரியவர் வருவார். பார்க்கலாம்.