நீராவியும் நீர்ச் சுழற்சியும்: எளிய சோதனைகளின் வரலாறு

நீர் கண்ணுக்குப் புலனாகாத ஆவியாய் மேலெழுவதையும், குளிர்ச்சி கண்டவிடத்து மீண்டும் துளியாய்த் திரள்வதையும், கடல், மேகம், மழை, ஆறு என்னும் நிலைகளில் அது ஓயாது சுற்றிவருவதையும் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டே பிரத்தியட்சமாகக் காட்டும் சோதனைகள் பல, இன்று பள்ளிக்கூடங்களில் இளம் மாணவர்களுக்குச் செய்துகாட்டப்படுகின்றன. பனிக்கட்டி இட்ட கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது, உப்புநீர்க் கிண்ணத்தின்மேல் கவிழ்த்த கண்ணாடியில் நன்னீர் படிவது, செடியின் கிளையைப் பையால் மூடிக் கட்டினால் பைக்குள் நீர் சேர்வது, புட்டிக்குள் சிறு மேகம் உண்டாவது ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவற்றைக் குழந்தைகளின் பொருட்டுப் பின்னாளில் புனையப்பட்ட வேடிக்கைகள் என்று கருதுவோர் உளர். ஆனால், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்களிடையே நிலவிவந்த விவாதங்களைத் தீர்த்துவைத்தவை பெரும்பாலும் இதே சோதனைகள்தாம் என்பதை அவற்றின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில், உப்புநீர் ஆவியாகி மீண்டும் நீராகும்போது நன்னீராகிறது என்றும், அதனைத் தாம் சோதித்தறிந்ததாகவும், வானிலை பற்றி இயற்றிய நூலில் குறிப்பிட்டிருக்கிறார். ஆயினும் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதற்கு மழை ஒன்றே போதாதென்று எண்ணி, நிலத்தினுள் உள்ள குளிர்ந்த குகைகளில் காற்றே நீராக மாறி ஊற்றெடுக்கிறதென்ற கொள்கையை அவர் மேற்கொண்டார். கடல்நீர் பூமிக்கடியிலுள்ள மறைவழிகளால் மலைகளுக்கு ஏறி, மண்ணால் வடிக்கப்பட்டு, உப்பு நீங்கி ஊற்றாகிறதென்று வேறு சிலர் சாதித்தனர். பிரான்சு தேசத்தில் மட்பாண்டத் தொழிலால் புகழ்பெற்ற பெர்னார் பாலிசி என்பவர், ஊற்றுகள் யாவும் மழையால் விளைந்தவையே என்று 1580-ல் வெளியிட்ட நூலில் உறுதியாக வாதித்தபோதிலும், அவரிடம் அநுபவமும் கூரிய பார்வையும் இருந்தனவேயன்றி அளவுகள் இல்லாமையால், பண்டிதர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அளவு என்னும் ஆயுதத்தை முதலில் கையிலெடுத்தவர் பியேர் பெரோ என்பவர். தேவதைக் கதைகளைத் தொகுத்துப் பேர்பெற்ற ஷார்ல் பெரோவின் தமையனாராகிய அவர், ஸேன் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கே நதியில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, ஓராண்டில் ஓடும் நீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு மழையாகப் பெய்கிறது என்று 1674-ல் வெளியிட்டார். மரியோத் என்ற விஞ்ஞானி, பாரிஸில் நதியின் வேகத்தை மிதவைகொண்டு அளந்து அதே முடிவை வலியுறுத்தினார். மழை போதாது என்ற பழைய ஆட்சேபம் இவ்வாறு ஒழிந்தது. ஆனால் அம்மழைக்கு வேண்டிய நீர் எங்கிருந்து, எவ்வளவு எழுகிறது என்ற மறுபாதி வினா அப்படியே நின்றது.

அதற்கு விடை கண்டவர், வால்வெள்ளியின் பெயரால் நாமறிந்த எட்மண்ட் ஹாலி. நான்கு அங்குல ஆழமும் எட்டு அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த விட்டமும் உள்ள ஒரு பாத்திரத்தில் நீரை ஊற்றி, கடல்நீருக்கு ஒப்பாக அதில் உப்பைக் கரைத்து, வெப்பமானி ஒன்றையும் அமைத்து, கரி நெருப்பால் கோடைகாலக் காற்றின் வெப்ப அளவிற்கு அதனைச் சூடாக்கித் தராசில் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை அவுன்சு குறைந்திருந்தது. நீரின் ஆழத்தில் அது ஓர் அங்குலத்தின் 53-இல் ஒரு பங்கு. அவ்வளவு நேரத்திலும் பாத்திரத்திலிருந்து ஆவி எழுவது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியவேயில்லை என்று அவர் எழுதியிருப்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கொதிக்கும் கெண்டியின் மூக்கிற்கு அப்பால் வெண்மையாய்ப் படர்வதை நீராவி என்று பலரும் எண்ணுகின்றனர். அது ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகிவிட்ட நிலையாம். மெய்யான நீராவி, மூக்கிற்கும் அவ்வெண்படலத்திற்கும் இடையே ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் சிறு இடைவெளியில் இருக்கிறது.

பகலின் பன்னிரண்டு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அங்குலம் ஆவியாகும் என்று கொண்டு, மத்தியதரைக் கடலின் பரப்பால் அதனைப் பெருக்கிய ஹாலி, ஒரு கோடைநாளில் அக்கடல் 528 கோடி டன் நீரை இழக்கிறதென்று கணித்தார். பின்னர், அக்கடலோடு கலக்கும் நைல், டான்யூப் முதலிய ஒன்பது பேராறுகள் ஒவ்வொன்றும் தேம்ஸ் நதியைப்போல் பத்து மடங்கு நீரைக் கொணர்வதாக வைத்துக்கொண்டு, அவற்றின் மொத்த வரவு நாளொன்றுக்கு 182.7 கோடி டன்னே என்று கண்டார். இக்கணக்கில் ஊகங்கள் மிகுதி என்பதில் ஐயமில்லை. எனினும், 1687-ஆம் ஆண்டளவில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்ற இக்கட்டுரைக்குப்பின், நதிகளின் நீரைக் கொடுக்கக் கடலின் ஆவி போதாது என்று கூறுவதற்கு எவருக்கும் ஆதாரம் இல்லாமற்போயிற்று. ஒரு சிறு பாத்திரத்தைக் கொண்டு ஒரு கடலை நிறுத்துப்பார்த்த அச்செயலை விஞ்ஞான வரலாற்றின் மிக அழகிய செயல்களுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும். சில ஆண்டுகளுக்குப்பின், வெயிலும் காற்றும் படாத அறையொன்றில் ஓராண்டுக் காலம் நீரை வைத்துப்பார்த்தபோது எட்டு அங்குலம் மட்டுமே குறைந்தது கண்டு, ஆவியாதலுக்குச் சூரியனும் காற்றோட்டமும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதையும் அவர் உணர்த்தினார். ஈரத்துணியை நிழலிலும் வெயிலிலும் காற்றிலுமாக உலர்த்தி ஒப்பிடும் இக்காலப் பள்ளிச் சோதனை அதன் நேர் வாரிசு.

காற்றிலுள்ள ஆவியைக் குளிர்ச்சியால் வெளிப்படுத்தும் வழியை இதற்கு முன்பே பிளாரென்ஸ் நகரத்துச் சோதனைக் கழகத்தார் கையாண்டனர். பனிக்கட்டி நிரப்பிய கூம்புப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் திரண்டு வழியும் நீரை அளவுக் குவளையில் ஏந்தி, காற்றின் ஈரத்தை அவர்கள் மதிப்பிட்டனர். மோன்பெலியே நகரத்து ஷார்ல் லெ ருவா, 1751-ல், பாத்திரத்து நீரைச் சிறிது சிறிதாகக் குளிர்வித்து, வெளிப்புறத்தில் ஈரம் முதன்முதல் படியும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். இக்காலத்தார் பனிநிலை என்று வழங்குவது அதுவே. குவளைக்குள் இருக்கும் நீர்தான் கசிந்து வெளிவந்ததோ என்று மாணவர் கேட்பது இயல்பு. நீரில் வண்ணம் கலந்தோ, குவளையை முன்னும் பின்னும் நிறுத்தோ அந்த ஐயத்தைப் போக்காமல் இச்சோதனையைச் செய்துகாட்டுதல் பயனற்றது.

தாவரங்களும் இச்சுழற்சியில் பங்குகொள்வதை எடைபோட்டு நிறுவியவர் ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீவன் ஹேல்ஸ். 1724-ஆம் ஆண்டுக் கோடையில், மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடியொன்றின் தொட்டியை ஈயத் தகட்டால் இடைவெளியின்றி மூடி, மண்ணிலிருந்து ஆவி வெளியேறாதபடி செய்து, காலையும் மாலையும் அதனை நிறுத்துவந்தார். பகலில் அச்செடி சராசரியாக 20 அவுன்சு நீரை இலைகளின் வழியே வெளிவிட்டது. கிளைகளைக் கண்ணாடிக் கலங்களுக்குள் அடைத்து அந்நீரைத் திரட்டியும் பார்த்தார். 1727-ல் வெளிவந்த அவருடைய நூலிலுள்ள அக்கண்ணாடிக் கலத்தின் இடத்தை இன்று பிளாஸ்டிக் பை பெற்றிருக்கிறது.

பெய்த மழை என்னவாகிறது என்பதை மான்செஸ்டர் நகரத்தில் ஜான் டால்ட்டன் ஆராய்ந்தார். பத்து அங்குல விட்டமும் மூன்றடி ஆழமும் உள்ள தகர உருளையை மண்ணால் நிரப்பி நிலத்தில் புதைத்து, மேலே வழியும் நீரையும் அடியில் வடியும் நீரையும் குழாய்களின் வழியே தனித்தனியாகச் சேகரித்து, 1796 முதல் 1798 வரை நண்பரொருவருடன் அளந்துவந்தார். ஆண்டொன்றுக்குப் பெய்த ஏறத்தாழ 33½ அங்குல மழையில் 25 அங்குலம் ஆவியாய்த் திரும்பியது. நீர் காற்றில் உப்பைப்போல் கரைந்து நிற்கிறது என்று லெ ருவா முதலியோர் கொண்டிருந்த சித்தாந்தத்தையும் டால்ட்டனே மறுத்தார். காற்றற்ற வெற்றிடத்திலும் நீராவி பரவுகிறது. அதன் அழுத்தத்தின் மேல்வரம்பை வெப்பநிலையே நிர்ணயிக்கிறது. காற்று உடனிருப்பதும் இல்லாதிருப்பதும் அதனை மாற்றுவதில்லை என்பது அவருடைய முடிவு.

இவ்வரிசையில் சோதனைக் கலையின் முழு நயத்தையும் காட்டுவது, வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளியைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. பனி வானத்திலிருந்து விழுகிறது என்பாரும் நிலத்திலிருந்து எழுகிறது என்பாருமாக மக்கள் பிரிந்திருந்தனர். அவர், பத்துக் கிரெயின் எடையுள்ள சிறு கம்பளிப் பஞ்சுகளைச் சம எடையாய் நிறுத்தெடுத்து, இரவில் வெவ்வேறு நிலைகளில் வைத்து, விடிந்தபின் அவை எவ்வளவு நீரேற்றன என்று எடைபோட்டார். கால்களின்மேல் நிறுத்திய பலகையின் மேற்புறத்துப் பஞ்சு 14 கிரெயின் ஏற்றது. கீழ்ப்புறத்துப் பஞ்சு 4 கிரெயினே ஏற்றது. இதனால் பனி மேலிருந்து விழுகிறதென்று அவசரக்காரர் முடிவுகட்டியிருப்பர். வெல்ஸ் அவ்விடத்தில் நிற்கவில்லை. இருபுறமும் திறந்த, இரண்டரை அடி உயரமுள்ள சுட்ட மண் உருளை ஒன்றைப் புல்தரையில் நிறுத்தி, அதனுள் ஒரு பஞ்சையும் வெளியே ஒரு பஞ்சையும் வைத்தார். காற்றசைவற்ற இரவாதலால், மேலிருந்து விழும் எதுவும் இரண்டின்மீதும் சமமாகவே விழவேண்டும். ஆயினும் உள்ளேயிருந்தது இரண்டு கிரெயினுக்குச் சற்று அதிகமாகவும், வெளியேயிருந்தது 16 கிரெயினாகவும் நீரேற்றன. திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கும் பொருள் சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது என்பதும், அதன்மேல் படும் காற்றின் ஆவி துளியாகிறது என்பதும் இவ்வாறு தெளிவாயின. மேகமற்ற இரவுகளில் பனி மிகுவதன் காரணமும் விளங்கிற்று. 1814-ல் வெளியான இக்கட்டுரைக்காக ராயல் சங்கம் அவருக்கு ரம்போர்டு பதக்கம் வழங்கியது.

மூடிய புட்டிக்குள் செடி வளர்க்கும் சோதனையோ தற்செயலாய்ப் பிறந்தது. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, 1829-ல், விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்துப் புட்டியில் மூடிவைத்திருந்தார். பகலில் மண்ணின் ஈரம் எழுந்து கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதையும், அச்சிறு சுழற்சியால் பெரணி ஒன்றும் புல்லொன்றும் தாமே முளைத்து வளர்வதையும் கண்டார். அவர் அமைத்த கண்ணாடிப் பேழைகளில் செடிகள் கடல்கடந்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலை அடைந்தது அவ்வழியே. தென்னமெரிக்காவிலிருந்து மார்க்கம் என்பவர் 1860-ல் உதகமண்டலத்திற்குக் கொணர்ந்த சிங்கோனாக் கன்றுகளும் அத்தகைய பேழைகளிலேயே பயணம் செய்தன. வழியில் தாக்கிய கடும் வெப்பத்தால் நலிந்து அவை பட்டுப்போயின. வெயில் நேரே படுமிடத்தில் மூடிய புட்டியை வைத்தலாகாது என்ற எச்சரிக்கைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுவதில்லை.

இளைஞர்க்கென இத்தகைய சோதனைகளைச் செய்துகாட்டும் மரபு வலுப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மெழுகுவத்தியைப் பற்றி மைக்கேல் பாரடே நிகழ்த்திய புகழ்மிக்க சொற்பொழிவுகளில், பனிக்கட்டியும் உப்பும் இட்ட கலத்தைச் சுடரின்மேல் பிடித்து அதனடியில் நீர் திரள்வதைக் காட்டினார். ஆங்கில விஞ்ஞானி ஹக்ஸ்லி 1877-ல் வெளியிட்ட இயற்கைப் புவியியல் நூலில், மாணவர் அன்றாடம் காணும் தேம்ஸ் நதியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். இதனிடையே, அரிஸ்டாட்டில் கூறிய உப்புநீர்ச் சோதனை, சிலி நாட்டு லாஸ் சாலினாஸ் என்ற வறண்ட சுரங்கப் பகுதியில் 1872-ல் தொழிற்சாலை உருவம் பெற்றது. நாலாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடிக் கூரையின்கீழ்ச் சூரிய வெப்பத்தாலேயே நன்னீர் வடிக்கப்பட்டது.

புட்டியில் மேகம் உண்டாக்கும் சோதனையின் உட்பொருளைப் பிரான்சில் கூலியே என்பவர் 1875-லும், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன் 1880-லும் தனித்தனியே கண்டனர். எய்ட்கன் இரு கண்ணாடிக் கலங்களை எடுத்து, ஒன்றில் சாதாரணக் காற்றையும் மற்றொன்றில் பஞ்சால் வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் கொதிகலத்து ஆவியைச் செலுத்தினார். முதலாவது அடர்ந்த வெண்மூடுபனியால் நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே நின்றது. ஆவி பற்றிக்கொள்ளத் தூசி வேண்டும் என்பதே இதன் பொருள். இன்று ஆசிரியர் புட்டிக்குள் சிறிது தீக்குச்சிப் புகையை விடுவது இதன்பொருட்டே. புகையிட்ட புட்டியோடு புகையிடாத புட்டியையும் அவர் அருகே வைத்துக் காட்டவேண்டும். 1894-ல் பென் நெவிஸ் மலையுச்சியின் மேகங்களில் ஒளிவளையங்களைக் கண்டு வியந்த சி. டி. ஆர். வில்சன், அவற்றைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்றபோது, தூசியற்ற ஈரக்காற்றும் போதிய அளவு திடீரென விரிந்தால் துளிகள் தோன்றுவதைக் கண்டார். அத்துளிகளின் கருவாய் அமைவன மின்னேற்ற அயனிகள் என்று மேலும் ஆராய்ந்து நிறுவினார். அணுத்துகள்களின் பாதையைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறை 1911-ல் இவ்வழியே முழுமை பெற்று, 1927-ல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

ஹாலியின் பாத்திரமும் வழக்கொழியவில்லை. நான்கு அடி விட்டமும் பத்து அங்குல ஆழமும் உள்ள வட்டத் தொட்டிகளில் நாள்தோறும் நீர் எவ்வளவு குறைகிறதென்று வானிலை நிலையங்கள் இன்றும் அளந்துவருகின்றன. இந்தியாவில், பறவைகளும் விலங்குகளும் நீரைக் குடித்துவிடாதபடி அவற்றைக் கம்பிவலையால் மூடிவைப்பது வழக்கம். சிறிய தொட்டி ஏரியைக்காட்டிலும் விரைவில் வெப்பமேறுவதால், அதில் கண்ட அளவை ஏறக்குறைய 0.7 என்ற எண்ணால் பெருக்கியே நீர்த்தேக்கங்களின் ஆவியிழப்பைப் பொறியியலார் மதிப்பிடுகின்றனர்.