கடல் குடிபோன கதை

புது வீடு குடிபோகிறவர்கள் நம் ஊரில் முதலில் என்ன எடுத்துப் போகிறார்கள்? கட்டிலும் இல்லை, பீரோவும் இல்லை. ஒரு குடம் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஒரு துண்டு மஞ்சள். ஏன் என்று கேட்டால், "மங்களம், அப்பா!" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் ஒருவகைக் குடித்தனக்காரர்களுக்கு உப்பும் தண்ணீரும் வெறும் மங்களப் பொருள்கள் அல்ல. கூரை, சுவர், தரை எல்லாமே அவைதாம். கடல் மீன்களைத்தான் சொல்கிறேன்.

மீனைக் கண்ணாடித் தொட்டியோடு வேறு வீட்டுக்குக் கொண்டுபோவது பெரிய காரியமா என்று தோன்றும். நன்னீர் மீனுக்கே அது சங்கடம். கடல் மீனுக்கோ உயிர்ப் பிரச்னை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கடல் மீன் அந்த நீரையே குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளி வாழ்கிறது. உப்பின் அளவோ நீரின் சூடோ திடீரென்று மாறினால் அதன் உடம்பு தாங்காது. இன்னொன்றும் உண்டு. மீன் வெளிவிடும் அம்மோனியா என்ற நஞ்சை, மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்கிருமிகள் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த மணலைச் சுத்தமாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி எடுத்துப் போனோமானால் கிருமிகள் செத்துப்போகும். புது வீட்டில் தொட்டி பளபளவென்று இருக்கும். சில நாட்களில் மீன் மல்லாந்து மிதக்கும். ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் ஈர மணலையும் கல்லையும், முடிந்த அளவு பழைய நீரையும் கூடவே கொண்டுபோகிறார்கள்.

இந்தப் பாடத்தை மனிதன் கற்ற கதை சுவாரஸ்யமானது. 1846-ஆம் ஆண்டில் அன்னா தின் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்க்கி கடற்கரைக்குப் போயிருந்தாள். பாறைக் குழிகளில் இருந்த பவள உயிர்களைக் கண்டு ஆசைப்பட்டு, அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோக நினைத்தாள். வழியில் மோதி நசுங்காமல் இருக்க, ஊசி நூலால் அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து, கடல்நீர் நிறைந்த கல்ஜாடியில் வைத்துக் கொண்டுபோனாள். லண்டனில் கடல் ஏது? கரையிலிருந்து நீர் தருவிக்க வேண்டியிருந்தது. அது கிடைக்காதபோது, வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் முன் நின்று, பழைய நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். நாம் காப்பி ஆற்றுகிற மாதிரிதான். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆற்றினால் நீரில் காற்றுக் கலக்கும், உயிர்கள் பிழைக்கும். வீட்டுக்குள் கடல் குடிவந்தது இப்படித்தான். பிறகு 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென்று மீன் மாளிகை திறந்தார்கள். மறு ஆண்டு பிலிப் காஸ் என்பவர் தம் புத்தகத்தின் மூலம் 'அக்வேரியம்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார்.

வேலைக்காரப் பெண்ணின் கை செய்ததைப் பிற்காலத்தில் ரயில் செய்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரம் கடலுக்கு நெடுந்தூரம். அங்கே 1930-இல் ஷெட் காட்சிச்சாலை திறந்தபோது, தெற்குக் கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவிலிருந்து கடலையே ரயிலேற்றினார்கள். 20 டாங்கி வாகன்கள், 8 நடை, 10 லட்சம் காலன் கடல்நீர்! அந்தத் தீவுக்குக் கடல்மேல் போட்டிருந்த ரயில் பாதையை 1935-இல் ஒரு சூறாவளி உடைத்தெறிந்துவிட்டது. அதற்குள் சிகாகோவுக்குப் போக வேண்டிய கடல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இது குடிபுகுந்த கதை. குடியிருந்த மீன்களைக் கிளப்பிய கதை ஒன்றும் உண்டு. அது நியூயார்க்கில் நடந்தது.

அந்நகரின் தென்முனையில் காஸில் கார்டன் என்று வட்டமான பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. பீரங்கிக்காகக் கட்டியது, பின்னால் சங்கீத சபையாயிற்று. 1855 முதல் 1890 வரை, பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த சுமார் 80 லட்சம் பேர் அதன் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். 1896-இல் அங்கே மீன்கள் குடிவந்தன. 45 ஆண்டுகள் ஊரார் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

நகரப் பூங்காக்களின் அதிகாரியாக இருந்த ராபர்ட் மோசஸ் அந்த முனையிலிருந்து புரூக்ளினுக்குப் பெரிய பாலம் கட்ட ஆசைப்பட்டார். 1939-இல் யுத்த இலாகா அதை மறுத்தது. பாலத்துக்குப் பதில் நீருக்கடியில் சுரங்கப்பாதை என்று முடிவாயிற்று. சுரங்கம் தோண்டினால் கோட்டையின் அஸ்திவாரம் ஆடிப்போகும் என்று காரணம் காட்டி, 1941-இல் மோசஸ் மீன் காட்சிச்சாலையை மூடிவிட்டார். பாலம் போன கோபத்தைக் கோட்டையின் மீது தீர்த்துக்கொண்டார் என்று சொன்னவர்கள் உண்டு. சுரங்கப்பாதை 1950-இல் திறந்தாயிற்று. கோட்டைச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது!

மீன்கள் என்ன ஆயின? சில வேறு ஊர்க் காட்சிச்சாலைகளுக்குப் போயின. சிலவற்றைப் பிராங்க்ஸ் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோய், சிங்கங்களுக்காகக் கட்டிய கூடத்தில் தாற்காலிகமாக வைத்தார்கள். அந்தத் தாற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நடுவில் யுத்தம், பிறகு பணமுடை. கோனி தீவுக் கடற்கரையில் புதிய காட்சிச்சாலை திறந்தது 1957 ஜூன் 6-ஆம் தேதி. மூடின நாளிலிருந்து ஏறக்குறைய 16 ஆண்டுகள்! மீனின் ஆயுளுக்கு அது எத்தனை தலைமுறையோ!

காலி செய்யச் சொல்வதற்கு ஒரு கையெழுத்துப் போதும். வாழ்வதற்கு ஓர் இடத்தைப் பக்குவப்படுத்தத்தான் நாளும் உழைப்பும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமி முதல் கடற்கரைக் காற்றுவரை அத்தனையும் கூடிவர வேண்டும். மனிதர்களை அப்புறப்படுத்தும் உத்தரவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மீன்களின் நினைவு வருகிறது. "மாற்று இடம் தருகிறோம்" என்று அதில் ஒரு வரி எப்போதும் இருக்கும். இடம் தருவார்கள், சரி. அங்கே பழைய தண்ணீரும் ஈர மணலும் போகுமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஜன்னலோரம் நின்று, கை வலிக்க வலிக்க நீரை ஆற்றிக் கொடுக்கவும் அங்கே யாராவது இருக்க வேண்டுமே!