பலாலி வான்பாதையில் வீழ்ந்த விமானங்கள்: காரணம் கண்ட முறையின் வரலாறு

1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பிற்பகல் 1.40 மணியளவில் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கி லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்க விமானம் புறப்பட்டது. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் அதில் இருந்தனர். ஏறக்குறைய பத்து நிமிடத்தில், விமானத்தினுள் காற்றமுக்கம் குறைகிறது என்று பிரதம விமானி அறிவித்தார். அதன்பின் தொடர்பு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வான்பயண வரலாற்றில் பொதுமக்கள் மிகப் பெருந்தொகையில் மாண்ட நிகழ்வு இது. எனினும் இதன் காரணத்தைத் தனித்து ஆராய்வதில் பயனில்லை. இருபது ஆண்டுகளில் பலாலிப் பாதையில் விமானங்கள் எவ்வாறு வீழ்ந்தன, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் காரணத்தை யார், எந்த முறையில் சொன்னார்கள் என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் 602 விளங்கும்.

முதலில் முறைமை பற்றிச் சிறிது. சிவில் விமான விபத்து விசாரணைக்கு உலகப் பொதுவிதி சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு. 1951இல் ஏற்கப்பட்டது. விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. குற்றம் சுமத்துவது அதன் வேலை இல்லை என்று அது தெளிவாகவே சொல்கிறது. விபத்து நடந்த நாடு விசாரணையை நடத்தும். விமானம் பதிவான நாட்டுக்குப் பங்குகொள்ளும் உரிமை உண்டு. சான்றுகளை அடுக்கி விசாரணையாளர் எட்டும் முடிவு நிகழ்தகு காரணம். நீதிமன்றத் தீர்ப்புக்கும் அதற்கும் உறவில்லை. இராணுவ விமானங்கள் இந்த உடன்படிக்கைக்கு வெளியே நிற்பவை. அவை விழுந்தால் படையின் உள்ளக விசாரணை மட்டும் நடக்கும்.

இலங்கைக்கு இந்த முறை புதிதல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதிய மார்ட்டின் எயார் டிசி-8 விமானத்தில் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர் உட்பட 191 பேர் இறந்தனர். தாம் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்ததே காரணம் என்று முடிவாயிற்று. 1978 நவம்பர் 15ஆம் திகதி, இதேபோல் ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டிசி-8 கட்டுநாயக்காவுக்கு அருகே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. இறந்தோர் 183 பேர். தரையிறங்கும் ஒழுங்கை விமானிகள் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை அறிக்கை. விமான நிலையத்தின் வழிகாட்டுக் கருவியில் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. சமாதான காலத்திலேயே காரணம் சர்ச்சைக்குரியது. ஆனால் அந்தச் சர்ச்சை ஆவணங்களின் மேல் நடந்தது. பலாலியில் அதற்குரிய ஆவணங்கள் உருவாகும் சூழலே இருக்கவில்லை.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. டிசி-3 ரக டகோட்டா அது. பட்டியல்களில் காங்கேசன்துறை என்றே அந்த நிலையம் குறிக்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். நம் பொருளுக்கு அவற்றில் அதிகம் இல்லை.

1978 செப்ரெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், யாழ்ப்பாணச் சேவையில் ஈடுபட்டிருந்த எயார் சிலோனின் அவ்ரோ 748 இரத்மலானையில் குண்டுவெடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லை. காரணத்தைத் தேட வேண்டிய அவசியமும் எழவில்லை: குண்டு, அதை வைத்தவர்கள் விடுதலைப் புலிகள். விமானத்தின் இயந்திரத்தையோ விமானியின் கணிப்பையோ சாராத ஒரு காரணம் இந்தப் பாதையில் நுழைந்தது அன்றுதான்.

போர் மூண்டபின் வானத்தைப் பார்த்து விமான வகையை அடையாளம் காண்பது குடாநாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கலை. பொம்மர், ஹெலி, சியாமாசெட்டி, புக்காரா, சகடை என்று ஒலியை வைத்தே பெயர் சொல்லிப் பங்கருக்குள் ஓடினார்கள். பொருட்களையும் படையினரையும் காவவேண்டிய விமானங்கள் குண்டுபோடவும் பயன்பட்டன. போக்குவரத்து விமானம், போர் விமானம் என்ற வேறுபாட்டைக் கீழே நின்றவர்களின் மனத்தில் அழித்த செயல்களில் இது முதன்மையானது என்பேன். 1992 ஜூலை 5ஆம் திகதி இயக்கச்சிப் பக்கம் வீழ்ந்த சீனத் தயாரிப்பான வை-8 அந்த வகையைச் சேர்ந்தது.

திருப்பம் 1995 ஏப்ரலில் வந்தது. அம்மாதம் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டதோடு சமாதானப் பேச்சு முறிந்தது. 28ஆம் திகதி பலாலியிலிருந்து கிளம்பிய விமானப்படை அவ்ரோ ஒன்று வீழ்ந்தது. மறுநாள் பலாலியில் இறங்க வந்த இன்னொரு அவ்ரோ வீழ்ந்தது. இரண்டிலுமாகத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தோளில் வைத்து ஏவும், வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணை இலங்கைப் போரில் வெளிப்பட்டது அப்போதுதான்.

இந்த இரு நாட்களையும் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அவ்ரோ 748 இரட்டை உந்துவிசிறி விமானம். ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் இயந்திரங்கள் கொண்டது. நிறைய ஆட்களோடு மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அதன் வேகம் மிகக் குறைவு. பலாலி, காங்கேசன்துறை முகாம் அப்போது கடலோரத்தில் ஒரு சிறு துண்டு நிலம். அதைச் சுற்றியிருந்த வலிகாமம் முழுவதும் புலிகளிடம். ஸ்ரெல்லா வகை ஏவுகணை இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரம்வரை எட்டும். அதன் முனையிலுள்ள வெடிபொருள் ஒரு கிலோ அளவுதான், ஆனாலும் அது தேடிப்போவது இயந்திரத்தின் சூடான வாயிலை. இத்தனையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது விமானத்தின் வீழ்ச்சிக்கு ஏவுகணை மட்டும் காரணமாகாது. முதல் வீழ்ச்சியின் காரணம் ஓரிரவுக்குள் துணியப்படாமல் இருந்ததும் காரணம். ஏவுகணை என்று நம்பியிருந்தால் மறுநாளே அதே வகை விமானத்தை ஆட்களோடு அதே வான்வெளிக்குள் எவரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். காரணம் காண்பது அடுத்த விமானத்தைக் காப்பதற்கே என்ற 13ஆவது இணைப்பின் நோக்கத்துக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதன்பின் பறப்பு முறை மாறியது. தரையைத் தவிர்த்து, கடல்மேல் தாழப் பறந்து ஓடுபாதையை அணுகும் வழக்கம் வந்தது. ஏவுகணைக்கு அது தற்காப்பு. ஆனால் தாழப் பறக்கும் விமானிக்குத் தவறைத் திருத்த உயரமும் இல்லை, நேரமும் இல்லை. 1995 செப்ரெம்பர் 13ஆம் திகதி பலாலிக்குப் புறப்பட்ட அன்ரனோவ்-32 மேற்குக் கடலில் வீழ்ந்து எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வலிகாமத்தைக் கைப்பற்றும் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த நவம்பர் 22ஆம் திகதி, பலாலியை அண்டிய கடலில் மற்றொரு அன்ரனோவ்-32 அறுபதுக்கு மேற்பட்டோருடன் போயிற்று. 1996 ஜனவரி 22ஆம் திகதி பருத்தித்துறைக்கு அப்பாலான கடலில் எம்ஐ-17 ஹெலி வீழ்ந்து 39 பேர் மாண்டனர். இவற்றுள் சிலவற்றை ஒரு தரப்பு சுட்டதாகச் சொல்ல, மறுதரப்பு இயந்திரக் கோளாறு என்னும். சுட்டு வீழ்த்தியதாகச் சொல்வதில் ஒருவருக்கு ஆதாயம், கோளாறு என்று சொல்வதில் மற்றவருக்கு ஆதாயம். அவ்வாறு பிறந்த காரணங்களை நிகழ்தகு காரணங்கள் என்று அழைக்க ஆய்வாளனுக்கு உரிமையில்லை.

இந்தப் பாதைக்குள்தான் சிவில் விமானங்கள் மீண்டும் வந்தன. யாழ்தேவி ரயில் 1990இல் நின்றுவிட்டது. ஏ-9 வீதி மூடிக்கிடந்தது. அதைத் திறக்க 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை வன்னியில் இழுபட்டுக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போக வேண்டியவருக்குக் காங்கேசன்துறையிலிருந்து கப்பல், இல்லையேல் பலாலியிலிருந்து விமானம். வைத்தியத்துக்குப் போகும் முதியவர், வெளிநாட்டு விசாவுக்காக அலையும் இளைஞர், கலியாணத்துக்குப் போகும் குடும்பம் என்று எல்லோரும் படையினரிடம் அனுமதி பெற்று, உயர் பாதுகாப்பு வலயத்தினூடாகப் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிவில் விமானமும் படை விமானமும் ஒரே ஓடுபாதையில், ஒரே வான்வழியில். லயன் எயார் ஓட்டிய அன்ரனோவ்-24 பெலாருசின் கோமெலாவியா நிறுவனத்துக்குரியது, குத்தகைக்கு வந்தது. படையினரை ஏற்றுவது பற்றிப் புலிகளிடமிருந்து நிறுவனத்துக்கு எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. சேவை தொடர்ந்தது. 602இல் பயணித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

புலிகள் பொறுப்பேற்கவில்லை. காற்றமுக்கம் குறைந்தது என்ற விமானியின் கடைசிச் செய்தி இரண்டு விளக்கங்களுக்கு இடம்கொடுத்தது: பழைய விமானத்தின் உடல் வெடித்திருக்கலாம், அல்லது சிதறிய இரும்புத்துண்டுகள் அதைத் துளைத்திருக்கலாம். ஆனால் விழுந்த இடத்தை அன்றே கணித்திருக்க முடியும். சிதைவுகள் பின்னர் கிடைத்த இரணைதீவு, பலாலியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 55 கிலோமீற்றர்; மேலேறிக்கொண்டிருக்கும் அன்ரனோவ்-24 பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய தூரம் அதுவே. 1992இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் இரணைதீவு வெறுமையாய்க் கிடந்தது. வானத்தில் நடந்ததைக் கண்டு சொல்ல அங்கே மீனவர் இல்லை. சுற்றியிருந்த கடல் போர்க்கடல். தேடுவோர் சுதந்திரமாகப் போகக்கூடிய இடமாக அது இருக்கவில்லை.

சேவை நின்றது. 2000 மார்ச் 30ஆம் திகதி பலாலியிலிருந்து படையினரை ஏற்றிச்சென்ற, குத்தகைக்கு எடுத்த அன்ரனோவ்-26 அனுராதபுர மாவட்டத்துத் தலாவையில் வீழ்ந்து 40 பேர் இறந்தனர். 2002 போர்நிறுத்தத்தின் பின்தான் பொதுமக்கள் மீண்டும் பலாலியில் விமானம் ஏறினர்.

602இன் சிதைவுகள் 2012 ஒக்ரோபரில் இரணைதீவுக் கடலின் அடியில் கிடைத்தன. கண்டுபிடித்த வழி கவனிக்கத்தக்கது. பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு கைதுசெய்த, புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவரின் வாக்குமூலம் இடத்தைக் காட்டியது. கடற்படைச் சுழியோடிகள் இறங்கினர். மீட்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் பின்னர் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. இரணைதீவிலிருந்து ஏவிய ஏவுகணை என்ற முடிவு இவ்வாறு நிலைபெற்றது. அம்முடிவை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அது குற்றப் புலனாய்வின் முடிவு. யார் சுட்டார், யார் ஏவினார் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பத்து நிமிடம் மேலேறிய விமானம் எந்த உயரத்தில் இருந்தது? வழமையான வேகத்தில் ஏறியிருந்தால் அது ஸ்ரெல்லாவின் எல்லைக்கு மேலே போயிருக்க வேண்டும். அப்படியானால் ஒன்று விமானம் தாழப் பறந்தது, அல்லது புலிகளிடம் அதைவிட வலிய ஏவுகணை இருந்தது. இதைச் சொல்லக்கூடியவை பறப்புப் பதிவும் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரல்பதிவும். எச்சரிக்கை வந்தபின் பறக்கலாம் என்று தீர்மானித்தவர் நிறுவனமா, சிவில் விமானப் போக்குவரத்துத் திணைக்களமா, பலாலியை ஆண்ட விமானப்படையா? ஏவியவரைத் தேடும் வழக்கில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

இதே வகை நிகழ்வுகள் வேறிடங்களிலும் நடந்தவை. 1978 செப்ரெம்பரிலும் 1979 பெப்ரவரியிலும் ரொடீசியாவின் இரண்டு வைகவுண்ட் பயணி விமானங்கள் தோள் ஏவுகணையால் வீழ்ந்தன. 1993 செப்ரெம்பரில் முற்றுகைக்குள்ளான சுகுமி நகருக்குப் போன ஜோர்ஜிய விமானங்கள் வீழ்த்தப்பட்டன. சாலை அடைபட்ட நகரம், படையும் பொதுமக்களும் பகிர்ந்த ஒரே வான்வழி என்ற வகையில் பலாலிக்கு நெருங்கிய ஒப்புமை சுகுமியே. விசாரணை எப்படி அமைந்திருக்கலாம் என்பதற்கு ஒப்புமை வேறு. 2014 ஜூலை 17ஆம் திகதி கிழக்கு உக்ரேனில் 298 பேருடன் வீழ்ந்த எம்எச்-17 பற்றி நெதர்லாந்துப் பாதுகாப்புச் சபை 2015 ஒக்ரோபரில் அறிக்கை தந்தது. சிதைவுகளைப் பொருத்தி விமானத்தின் முன்பகுதியை மீளக் கட்டியெழுப்பி எந்த ஏவுகணை என்று சொன்னது ஒரு பாதி. அந்த வான்வெளியை ஏன் முன்கூட்டியே மூடவில்லை என்று கேட்டு, மூடுவதற்கு உக்ரேனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று எழுதியது மறுபாதி. சுட்டவரைத் தண்டிக்கும் வேலை தனியாக நெதர்லாந்து நீதிமன்றத்தில் நடந்தது.

602க்கு இந்த மறுபாதியை இனி எழுத முடியுமா? விமானத்தின் உரிமையாளரான கோமெலாவியா 2011இல், அதாவது சிதைவு கிடைப்பதற்கு முந்திய ஆண்டில், மூடப்பட்டுவிட்டது. எனினும் பதிவு நாடான பெலாருசுக்கு விசாரணையில் பங்குகொள்ளும் உரிமை இன்றும் உண்டு. புதிய முக்கிய சான்று கிடைத்தால் விசாரணையை மீளத் திறக்கவும் 13ஆவது இணைப்பு இடமளிக்கிறது. குத்தகை ஒப்பந்தம், எச்சரிக்கைக் கடிதம், அன்றைய பறப்பு அனுமதி, வான்கட்டுப்பாட்டுக் குரல்பதிவு என்ற நான்கு ஆவணங்களே அதற்குத் தொடக்கம்.