மிடில்மார்ச் நாவலில் மணவாழ்க்கை

மிடில்மார்ச், ஜார்ஜ் எலியட் எழுதிய ஆங்கில நாவல். 1871 டிசம்பர் தொடங்கி 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. கதை நடப்பது 1829 முதல் 1832 வரை, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கற்பனை ஊரில். கவன்ட்ரி நகரத்தின் சாயல் அதற்கு உண்டு. தேர்தல் சீர்திருத்தம், ரயில் பாதை, புதிய மருத்துவமனை எல்லாம் கதைக்குள் வந்துபோனாலும் நாவலைத் தாங்குபவை சில கல்யாணங்கள்தான். அக்காலக் கதைகள் பலவும் கல்யாணத்தோடு சுபம் போட்டுவிடும். இதில் முக்கியமான இரண்டு கல்யாணங்கள் பாதிக் கதைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பிறகு வீட்டுக்குள் நடப்பதை உயில், கடன் பத்திரம், மனைவி ரகசியமாகப் போடும் கடிதம் போன்ற காகிதங்களே காட்டிக்கொடுக்கின்றன.

டோரத்தியா புரூக்குக்கு இன்னும் இருபது நிறையவில்லை. அவள் விரும்பி மணப்பது 45 வயதைத் தாண்டிய பாதிரியார் கசாபனை. உலகத் தொன்மங்கள் அனைத்துக்கும் ஒரே திறவுகோல் என்று அவர் எழுதத் திட்டமிட்டிருக்கும் நூலுக்குத் துணையிருப்பதே தன் பிறவிப்பயன் என்று நினைக்கிறாள். தேனிலவுக்கு ரோமுக்குப் போகிறார்கள். அவர் வாத்திகன் நூலகத்தில் குறிப்பெடுக்க, அவள் தங்குமிடத்தில் தனியே அழுகிறாள். அந்தத் துறையில் ஜெர்மானியர்கள் எப்போதோ முன்னேறிவிட்டார்கள், கசாபனுக்கு ஜெர்மன் தெரியாது என்பதை அவருடைய உறவுக்கார இளைஞன் வில் லாடிஸ்லாவின் வாயிலிருந்துதான் அவள் கேட்கிறாள்.

கசாபன் கெட்டவரல்ல, பயந்தவர். எலியட் அவர் பக்கமும் நின்று பேசுவதில்தான் நாவலின் நேர்மை இருக்கிறது. தான் செத்த பிறகும் தன் விருப்பப்படியே நடப்பதாக வாக்குக் கொடு என்று ஓர் இரவு மனைவியிடம் கேட்கிறார். விடியட்டும் என்கிறாள். மறுநாள் சம்மதம் சொல்லத் தோட்டத்துக்குப் போனால், கல்மேசையில் தலைசாய்த்து இறந்துகிடக்கிறார். உயிலின் பிற்சேர்க்கை பிறகு தெரியவருகிறது: லாடிஸ்லாவை மணந்தால் கணவர் சொத்தில் அவளுக்கு ஒன்றும் கிடையாது. அதுவரை அப்படி ஒரு நினைப்பே இல்லாதவள் மனத்தில் அதை விதைத்தவர் கணவர்தான். கடைசியில் அவனையே மணக்கிறாள், தனக்கென்றிருந்த ஆண்டுக்கு 700 பவுண்டு வருமானத்தை நம்பி.

மருத்துவர் லிட்கேட்டுக்கு 27 வயது. பாரிஸில் படித்தவர், ஆராய்ச்சிக் கனவு உள்ளவர். மேயர் மகள் ரோசமண்ட் வின்சியின் கண்ணில் நீர் துளிர்த்ததைப் பார்த்த கணத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. புதுக் குடித்தனத்துக்குத் தட்டுமுட்டு, வெள்ளிச் சாமான் எல்லாம் கடனில் வருகின்றன. கடன் கழுத்தை நெரிக்கும்போது வீட்டைக் கைமாற்றிவிட லிட்கேட் ஏற்பாடு செய்கிறார். ரோசமண்ட் சத்தமில்லாமல் போய் அதை ரத்து செய்துவிடுகிறாள். கணவருக்குத் தெரியாமல் அவருடைய பணக்கார உறவினருக்குப் பணம் கேட்டு எழுதுகிறாள். மனைவியை முன்னே விட்டு எழுதவைத்தாயா என்று பதில் லிட்கேட் தலையில் விழுகிறது. ஒருமுறைகூட அவள் குரல் உயர்வதில்லை. அவர்கள் சண்டைகள் இன்றும் படிப்பவரை நெளியவைப்பது அதனால்தான். ஊர்ப் பெரிய மனிதர் புல்ஸ்ட்ரோட்டிடம் வாங்கிய 1,000 பவுண்டு லிட்கேட்டின் பெயரையும் கெடுக்கிறது. வசதியானவர்களுக்கு வைத்தியம் பார்த்து, கீல்வாதம் பற்றி ஒரு நூல் எழுதி, ஐம்பது வயதில் இறக்கிறார்.

கார்த் குடும்பம் வேறு மாதிரி. திருமதி கார்த் சமையலறையில் மாவு பிசைந்தபடியே பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துபவர். மகனைத் தொழில் பழகச் சேர்க்க அவர் சேர்த்துவைத்த 92 பவுண்டு, ரோசமண்டின் அண்ணன் ஃபிரெட்டுக்காகக் கணவர் போட்ட ஜாமீன் கையெழுத்தில் போய்விடுகிறது. மீதி 18 பவுண்டை மகள் மேரி தன் சம்பளச் சேமிப்பிலிருந்து தருகிறாள். அந்த ஃபிரெட்டையே அவள் பின்னால் மணக்கிறாள், அவன் உழைத்துக் காட்டிய பிறகு.

நாவலின் உச்சம் என் பார்வையில் இளையவர்கள் யாரிடமும் இல்லை. புல்ஸ்ட்ரோட்டின் பழைய பாவம் ஊரறிந்த பின், அவர் மனைவி ஹாரியட் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆடம்பரம் பிடித்தவள். நகைகளைக் கழற்றி, சாதாரணக் கறுப்பு உடைக்கு மாறி, முடியைப் படிய வாரிக்கொண்டு கீழே வருகிறாள். குனிந்து உட்கார்ந்திருக்கும் கணவரை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறாள். இருவரும் அழுகிறார்கள், குற்றம் என்ன என்று அவள் கேட்பதில்லை.

கதைக்காலச் சட்டப்படி, தனி ஏற்பாடு ஏதும் செய்துவைக்காவிட்டால் மனைவியின் பணமும் சம்பாத்தியமும் கணவருக்கே. 1870இல் வந்த சட்டம் அவள் சம்பாத்தியத்தை அவளுக்கு விட்டது. 1882இல் வந்தது சொத்துரிமையையும் சேர்த்துத் தந்தது. நாவல் முதல் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே வரத் தொடங்கியது.

எழுதியவரின் வீட்டுக்கதையும் எளியதல்ல. எலியட்டின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1854 முதல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் வாழ்ந்தார். லூயிஸுக்குச் சட்டப்படி மனைவி இருந்தார், விவாகரத்துக்கு வழியில்லை. 1869இல் மிடில்மார்ச் எழுதத் தொடங்கிய மாதங்களில், லூயிஸின் மகன் தார்ன்டனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்; அந்த அக்டோபரில் அவன் இறந்தான். லூயிஸுடனான உறவைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் ஐசக் அவருடன் பேச்சை நிறுத்தினார். லூயிஸ் இறந்த பின், 1880 மே மாதம் எலியட் ஜான் கிராஸை முறைப்படி மணந்தபோதுதான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. அந்த டிசம்பரில் எலியட் இறந்தார்.