வெல்கே ஸ்லெமென்ட்சே

வெல்கே ஸ்லெமென்ட்சே என்பது ஸ்லோவாக்கியாவின் கிழக்கெல்லையில், கோசித்சே பிராந்தியத்தின் மிகலோவ்ட்சே மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூராகும். உக்ரேனைச் சேர்ந்த மாலி செல்மென்ட்சி என்னும் ஊர் இதனை ஒட்டியே உள்ளது. இரு பெயர்களும் முறையே "பெரிய", "சிறிய" என்னும் அடைமொழிகளைக் கொண்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் எல்லைக்கோடு இவற்றைப் பிரித்தமையால் இவ்வூர்கள் அறியப்படுகின்றன.

புவியியல்

இவ்வூர் கிழக்கு ஸ்லோவாக்கியத் தாழ்நிலத்தில் உள்ளது. லாட்டோரிட்சா, ஊ முதலிய ஆறுகள் பாயும் இச்சமவெளியில் வேளாண்மையே நெடுங்காலமாக முதன்மைத் தொழில். எல்லை வகுக்க ஏற்ற மலையோ பேராறோ இவ்விரு ஊர்களுக்கும் இடையில் இல்லை. எல்லை இங்கு தெருவின் குறுக்கேதான் செல்கிறது. இருபுறத்திலும் வாழ்வோருள் பெரும்பான்மையினர் ஹங்கேரிய மொழி பேசுவோர்.

வரலாறு

முதல் உலகப் போர் முடியும் வரை இப்பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் ஹங்கேரி இராச்சியத்தின் ஊங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பெயரளவில் இரண்டு ஊர்களாயினும் வீடுகள் ஒரே தெருவில் தொடர்ந்தன, உறவுமுறையும் அவ்வாறே. 1920ஆம் ஆண்டின் திரியனோன் உடன்படிக்கை இவற்றைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உரியதாக்கியது. 1938 நவம்பரில் முதலாம் வியன்னாத் தீர்ப்பின்படி மீண்டும் ஹங்கேரியிடம் சென்றன. 1944இல் சோவியத் படைகள் வந்தன.

1945 ஜூன் 29 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில் செக்கோஸ்லோவாக்கியா தன் கிழக்குக் கோடியான கார்பாத்திய ருத்தேனியாவைச் சோவியத் ஒன்றியத்திற்கு விட்டுக்கொடுத்தது. புதிய எல்லை இவ்வூர்களின் நடுவே அமைந்தது. 1946இல் அது மூடப்பட்டது. முள்வேலியும் காவற்கோபுரமும் எழுந்தன. பெற்றோர் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாகச் சில குடும்பங்கள் பிரிந்தன.

வேலிக்கு அப்பால் உள்ளவரோடு பேசுவது தடைசெய்யப்பட்டிருந்தது. எனவே வயலுக்குச் செல்லும்போது பாடுவது போலப் பாவனை செய்து, பிறப்பு, இறப்புச் செய்திகளைப் பாட்டில் சேர்த்து அறிவித்ததாக ஊரார் நினைவுகூர்ந்துள்ளனர். பிற்காலத்தில் அனுமதி பெற்றுச் சென்றுவர இயன்றபோதும், எதிர்வீட்டை அடைய உஷ்ஹொரோத் நகரை ஒட்டிய கடவை வழியாக நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது. கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை: கிழக்கில் மாஸ்கோ நேரம் பின்பற்றப்பட்டதால் ஒரே தெருவில் இரண்டு மணி வேறுபாடு இருந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1993இல் செக்கோஸ்லோவாக்கியாவும் பிரிந்தது. காவலர்களின் சீருடை மாறினாலும் வேலி அகலவில்லை. மாலி செல்மென்ட்சியில் 1918க்கு முன் பிறந்த ஒருவர் தம் வீட்டை விட்டு நகராமலே ஐந்து நாடுகளின் ஆட்சியில் வாழ்ந்திருக்கக்கூடும்.

கடவை திறக்கப்படல்

கடவை வேண்டி ஊரார் பல ஆண்டுகள் முயன்றனர். செதுக்குவேலை மிக்க ஒரு மரவாயில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, எல்லையின் இருபுறமும் பாதி பாதியாக நிறுத்தப்பட்டது. 2004இல் இக்கோரிக்கை அமெரிக்கக் காங்கிரசின் மனித உரிமைக் குழுவின் முன்னும் வைக்கப்பட்டது. இறுதியில் 2005 டிசம்பர் 23 அன்று பாதசாரிகளுக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் மட்டுமான கடவை திறக்கப்பட்டது.

இப்பயன் இருபுறத்தாருக்கும் சமமாகக் கிட்டவில்லை. ஸ்லோவாக்கியர் நுழைவுரிமை இன்றி உக்ரேனுக்குள் செல்லலாம். உக்ரேனியருக்கோ அது தேவைப்பட்டது. 2007 டிசம்பரில் ஸ்லோவாக்கியா செங்கன் வலயத்தில் இணைந்தபின் விதிகள் மேலும் இறுகின. உயிரியளவைக் கடவுச்சீட்டு உடைய உக்ரேனியருக்கு 2017 ஜூனில்தான் இத்தேவை நீங்கியது. இதற்கிடையில் மாலி செல்மென்ட்சியின் தெரு, ஸ்லோவாக்கியரை நம்பிய கடைவீதியாக மாறிவிட்டது. உடைகள், இனிப்புகள், சிகரெட் ஆகியவை அங்கு மலிவாக விற்கப்பட்டன. யாரோஸ்லாவ் வோய்ட்டெக் இயக்கிய "ஹ்ரானிட்சா" (எல்லை, 2009) என்னும் ஆவணப்படம் இவ்வூர்களைப் பற்றியதாகும்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரேன்மீது முழு அளவில் படையெடுத்தபோது, ஸ்லோவாக்கியாவுக்குள் அகதிகள் நடந்துவந்த வழிகளுள் இச்சிறு கடவையும் ஒன்றாயிற்று.